அரைநாள் கிழவன்

அன்பு மகள் நெவினுக்கு,

தும்யாத்திலிருந்து அப்பா எழுதுவது. இறைவன் கருணையில் நானும் உன் அம்மாவும் சுகம், அஸ்வான் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். சமூகப்பணி வகுப்பில் முதுமையைப் பட்டுத் தெரிந்துகொள்ள அரைநாள் கிழவியாக நடந்து முழு மதிப்பெண் வாங்கினாயாமே, எழுபது வருடப் பாடத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்த மகளைப் பெற்றது என் பாக்கியம். அது போதாதென்று வீட்டில் யாராவது ஒருவரையும் அப்படி நடக்கவைத்து அறிக்கை எழுத வேண்டும் என்றாய், உன் அம்மா "இவருக்கு வேஷமே தேவையில்லையே" என்று சிரித்துக்கொண்டே என் காதில் பஞ்சை அடைத்து, மூக்குக்கண்ணாடியில் மஞ்சள் தாளை ஒட்டி, காலணிக்குள் கொண்டைக்கடலை போட்டு, ரொட்டி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஐம்பத்து நான்கு வயதில் சாலையைக் கடக்க முடியாமல் நின்றேன். யாரோ ஒருவர் "பெரியவரே, கையக் குடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று பிடித்துக்கொண்டார், அந்தக் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. தேநீர்க் கடையில் உட்காரவைத்து, சர்க்கரையையும் அவரே கலக்கிக் கொடுத்தார். நன்றி சொல்லக் கண்ணாடியைக் கழற்றினால், வக்தி! எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியைச் சிபாரிசில் தட்டிக்கொண்டுபோன அதே வக்தி, ஒன்பது வருடமாக நான் முகம் பார்க்காதவர். அவரும் திகைத்துப்போய், பிறகு "ஏன்யா ரிஃபாத், கண்ண மறைச்சுக்கிட்டாத்தான் என் கையப் புடிப்பியா?" என்றார். உன் பாடத்தைப் பற்றிச் சொன்னேன், இருமல் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சமீரா போனப்போ மூணு நாளும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன், நீ வருவேன்னு" என்றார். அவர் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது, துக்கம் கேட்க ஊரே போகும் அந்த மூன்று நாளும் நான் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, ரொட்டியும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சிபாரிசு விஷயத்தை அப்பா மன்னித்துவிட்டார் என்று அறிக்கையில் அளக்காதே, மன்னிக்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, இறைவன் உன்னை எந்தக் குறையுமின்றி வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த வியாழக்கிழமை நானும் அம்மாவும் வக்தி வீட்டுக்குப் போகிறோம். நான்கு வருடம் கழித்துத் துக்கம் கேட்கப் போகிறவன் முதல் வார்த்தையாக என்ன சொல்ல வேண்டும் என்று உன் பாடத்தில் இருந்தால், கடிதம் கண்டதும் தொலைபேசியில் சொல்.

உன் அப்பா,
ரிஃபாத்