வெள்ளத்துக்குத் தனிக் கட்டணம்

என் சாம்ராஜ்யத்தின் ஒரே வாரிசான மருமகளே,

வீட்டுக்கும் காருக்கும் எந்த இன்சூரன்ஸ் நல்லது என்று கேட்டிருந்தாய். நான் பேரம் பேச உட்கார்ந்தால் புயலே பாதி வேகத்துக்கு இறங்கி வரும், தெரியுமல்லவா?

வீட்டுக்கு எல்லாம் எடுத்தேன். கூரை பறந்துபோய் நிலாவில் இறங்கினாலும் பணம் வரும். காருக்கு மட்டும், தனிக் கட்டணம் என்றதால், வெள்ளத்தை அடித்துவிடச் சொன்னேன். "கார் என்னய்யா கப்பலா?" என்று ஏஜெண்டிடம் சிரித்தேன். உன் அத்தை சிரிக்கவில்லை.

போன புயலில் தெருவில் தண்ணீர் ஏறியதும், "இது முழுகினா ஒரு பைசா வராது. மேட்டுல விட்டுட்டு வந்துடறேன், நீங்க உங்க முட்டியோட இறங்காதீங்க" என்று சாவியை எடுத்தாள். "போய் வா மகாராணி!" என்று சலாம் போட்டேன்.

காரில் ஒரு கீறல் இல்லை. நடந்து திரும்பியவள் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டாளாம். அதற்குமேல் தண்ணீர் விடவில்லை; மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

அதனால் காருக்கு வெள்ளத்தையும் சேர்த்தே எடு. தண்ணீர் வந்தால் மாப்பிள்ளை சாவியைத் தொடக்கூடாது. கார் கடலுக்கே போகட்டும். நீங்கள் இரண்டு பேரும் மாடியில் நின்று அதற்கு டாட்டா காட்டுங்கள்.

இப்படிக்கு,
சாவியைப் பிடுங்கி வைக்கத் தெரியாத
உன் மாமா