பத்தொன்பது எக்ஸ்ரே கண்ணாடிகள்

மார்ச் 6, வெள்ளி

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். கணக்கு நோட்டை யாரும் ஆசையாகப் புரட்ட மாட்டார்கள். பக்கத்தில் தங்கச்சி சுண்டு தூங்குகிறாள். கால் என் மேல்.

அறிவியல் மிஸ் இன்று வரைபடத்தில் இரண்டு சிவப்புக் கோடு போட்டார். நடுவில் இருக்கிற ஊர்களில் மட்டும் சூரியன் முழுதாக மறையும். நம் ஊர் கீழ்க்கோட்டை ஒட்டி, மயிரிழையில் உள்ளே. 24ஆம் தேதி, காலை பதினொன்றே கால். ஐம்பத்திரண்டு வினாடி. அந்த ஐம்பத்திரண்டு வினாடி மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம், மற்ற நேரமெல்லாம் கண்ணாடி வேண்டும்.

"இதை விட்டா இந்த ஊருக்கு இன்னும் முந்நூறு வருஷம்" என்றார்.

"அப்பவும் எங்க நோட்டைத் திருத்திட்டுத்தான் இருப்பீங்க மிஸ்" என்றாள் என் பக்கத்து சீட் கொக்கு. மிஸ்ஸே சிரித்துவிட்டார்.

பள்ளிக்கு வந்த கண்ணாடி ஆறாம் வகுப்புக்கு மேல்தான். மூன்றாம் வகுப்பை ஜன்னலை அடைத்து உள்ளே உட்கார வைப்பார்களாம். சுண்டு சாப்பிடாமல் அழுதாள். நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். கழித்துக் கட்டிய பழைய ஃபிலிம் கேட்டேன். முதலில் முடியாது என்றாள். சுண்டுவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கட்டு கொண்டுவந்தாள். பெயர் இருக்கிற மூலையெல்லாம் வெட்டியிருந்தது.

"மூச்சு விடக் கூடாது. வெளிய தெரிஞ்சா என் வேலைக்கு உலை."

கறுப்பான இடமாகப் பார்த்து வெட்டி, இரண்டிரண்டாக அடுக்கி அட்டையில் ஒட்டினேன். சுண்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது யாரோட முட்டி?" என்றாள். அம்மா சிரித்தது எத்தனை நாளைக்குப் பிறகு.

மார்ச் 11, புதன்

சுண்டுவின் வகுப்பில் பத்தொன்பது பேருக்கும் கொடுத்தாயிற்று. டீச்சர் கை தட்டச் சொன்னார். வராண்டாவில் போனால் "கண்ணாடி அக்கா, கண்ணாடி அக்கா" என்று ஒரே கூச்சல். பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

மார்ச் 14, சனி

சுண்டு கேட்டாள், "நிஜமா கூசாதாக்கா?" சரி, பார்த்துவிடலாம் என்று மதியம் மொட்டை மாடிக்குப் போனேன். கண்ணாடி வழியே பார்த்தால் சூரியன் சாம்பல் நிறத்தில் சின்ன வட்டம். கூசவே இல்லை. நூறு எண்ணும்வரை பார்த்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு நூறு.

மார்ச் 15, ஞாயிறு

புத்தகத்தில் அழுக்கு என்று துடைத்தேன். போகவில்லை. பக்கம் திருப்பினால் அங்கேயும் இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

அழுக்கு புத்தகத்தில் இல்லை.

எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவை ஏதோ தின்றுவிடுகிறது. ஒரு கண்ணை மூடினேன், மற்றதை மூடினேன். இரண்டிலும். அம்மாவைப் பார்த்தால் காது இருக்கிறது, முடி இருக்கிறது, மூக்கும் வாயும் இல்லை. வலி இல்லை. வலித்தால்கூடத் தேவலை. எழுதுகிற எழுத்து எனக்கே தெரியவில்லை, கோட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

கடவுளே, தூங்கி எழுந்தால் சரியாகிவிடணும்.

மார்ச் 17, செவ்வாய்

சரியாகவில்லை.

யாரோ சொன்னார்கள் என்பது மாதிரி மிஸ்ஸிடம் கேட்டேன்.

"எக்ஸ்ரே ஃபிலிமா? ஐயோ, வேண்டவே வேண்டாம். கூசாது, அதான் வினையே. கூசினா கண்ணைத் திருப்பிடுவோம்ல? கூசலைன்னு பார்த்துட்டே இருப்போம், உள்ள பொசுக்கிட்டுப் போயிடும். வலி கூடத் தெரியாது. யாரும்மா சொன்னது?"

"யாரும் இல்ல மிஸ். சும்மா."

பத்தொன்பது பேர். எல்லாருக்கும் எட்டு வயசு. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? சொன்னா அம்மா வேலை போயிடும். சொல்லலைன்னா — எழுத முடியலை.

மார்ச் 20, வெள்ளி

சொல்லாமலேயே வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். தங்கக் காகிதம் ஒட்டித் தருகிறேன் என்று மூன்று நாளாக இடைவேளையில் கெஞ்சினேன். பதினேழு வந்துவிட்டன. முன்பல் விழுந்த ஒரு வாலு மட்டும், "குடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதுக்கா" என்று பைக்குள் ஒளித்துக்கொண்டது. இன்னொரு பெண் காய்ச்சலில் வீட்டில். அவள் வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டே இரண்டு. இரண்டு பேருக்காக அம்மாவை... அந்த இரண்டில் ஒன்று சுண்டுவாக இருந்தால்?

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். திட்டவில்லை. என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்றாள்.

"நடு விரல் இல்லம்மா."

மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். அதையே திரும்பத் திரும்ப. பிறகு, "நாளைக்கு நானே ஸ்கூலுக்கு வரேன்" என்றாள்.

மார்ச் 23, திங்கள்

அம்மா தலைமை ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாலு அழுதுகொண்டே கண்ணாடியைக் கொடுத்தாள். காய்ச்சல்காரியின் அப்பாவுக்கு ஃபோன் போட்டார்கள், கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பத்தொன்பதையும் எண்ணி, கத்தரித்துக் குப்பையில் போட்டேன். ஒருத்தியும் அதில் சூரியனைப் பார்க்கவில்லை. 24ஆம் தேதிக்கென்றே பத்திரமாக வைத்திருந்தார்களாம்.

நான் மட்டும்தான்.

கண் டாக்டர், "கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம், ஆறு மாசம் பார்ப்போம்" என்றார். மாத்திரை கிடையாது, சொட்டு மருந்து கிடையாது. திரும்பி வரும்போதே பஸ்ஸில் அம்மாவுக்கு ஸ்கேன் சென்டரிலிருந்து ஃபோன் வந்தது. "சரிங்க சார்... சரிங்க சார்... சாவியை எப்ப கொண்டுவந்து குடுக்கணும்?"

நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

மேகமே இல்லை.

அம்மாவுக்குப் போக வேலை இல்லை, எனக்குப் பள்ளிக்குப் போக முகம் இல்லை. மிஸ் தன் கண்ணாடியைச் சுண்டுவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். மூன்று பேரும் மாடியில் நின்றோம். வெளிச்சம் மங்கி, சுவரெல்லாம் ஈயம் பூசின மாதிரி ஆயிற்று. குளிர்ந்தது. திடீரென்று தெருவே கத்தியது.

"அக்கா, கழட்டலாம்! கறுப்பா இருக்கு! சுத்தி வெள்ளையா, முடி பறக்கிற மாதிரி! பாரேன்க்கா!"

பார்த்தேன். நேராகப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் ஓட்டை. முந்நூறு வருஷத்துக்கு ஒரு தரம் வருவது, எனக்கு மட்டும் வரவில்லை. சுண்டு வினாடி எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது. இருபத்தொன்று.

அப்போது ஒரு கை என் தாடையைப் பிடித்துக் கொஞ்சமாகத் திருப்பியது.

"நேரா பார்க்காதடி. பக்கத்துல இருக்கிற தண்ணித் தொட்டியோட மூலையைப் பாரு. இப்ப தெரியுதா?"

தொட்டியின் மூலையைப் பார்த்தேன். கண்ணின் ஓரத்தில், மங்கலாக, ஒரு வெள்ளை வளையம்.

"தெரியுதும்மா."

அம்மா கையை எடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வரைக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அம்மா இரண்டு இடத்தில் வேலை கேட்டுவிட்டு வந்தாள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம்.

இதைச் சாப்பாட்டு மேசையில், விளக்கைப் போட்டு எழுதுகிறேன். இந்த நோட்டு அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மீதி இருந்த பக்கங்களிலெல்லாம் அம்மா கறுப்பு மார்க்கரால் தடித்த கோடு போட்டு வைத்திருக்கிறாள், விரற்கடைக்கு ஒன்றாக.