ஃபிளாஷ் போடாமல் எடுத்த படங்கள்

திங்கட்கிழமை, மாலை

எங்கள் வீட்டு மேனேஜர் அம்மாவுக்கு, உன் மெக்கானிக் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நம் பட்டாணிக்கும் காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். இரண்டரை வயதுக்கு ஏழு ஊருக்குப் போதும் அவள் வாய். ஆனாலும் அவளுடைய இடது கண்ணைப் பற்றி எனக்கு ஒரு பயம் வந்திருக்கிறது. நாளை மறுநாள், புதன்கிழமை, கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். சுற்றி வளைத்தால் நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிடுவாய் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை நடந்த வரிசையில் சொல்கிறேன், பாதியில் எழுந்துவிடாமல் படி.

நேற்று நீ கம்பெனி விடுதி போனில் பேசியபோது என் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாய். ஜலதோஷம் என்றேன். உன் பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் சிரிப்பது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. உன் அப்பா போன செய்தி அதே போனில்தான் உனக்கு வந்தது, நாலு பேர் பார்க்க நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய் என்று பிறகு சொன்னாய். அந்தப் போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ அனுப்பிய கேமரா கைக்கு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. என் போனில் எடுத்தால் குழந்தை முகம் மாவு பூசியது போல இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டு, கூட வேலை பார்த்தவளிடம் வாங்கி அனுப்பினாய். மிக்சியும் ஃபேனும் பிரித்துப் போடுகிறவனுக்கு இது எம்மாத்திரம் என்று நானும் மார்தட்டினேன். முதல் வாரமே மானம் போனது. தெருமுனை ஸ்டூடியோக்காரர்தான், கடை ஓய்ந்திருக்கிற நேரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தார்.

லென்ஸுக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எவ்வளவு திறக்கிறது என்பதற்கு அப்பெர்ச்சர் என்று பெயர். எண் சின்னதானால் ஓட்டை பெரிதாகும், எண் பெரிதானால் ஓட்டை சின்னதாகும். எவனோ வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து வைத்த நம்பர். ஷட்டர் எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் அதைக் கடையில் ஓடுகிற ஃபேனை வைத்துப் பழகினேன். ஷட்டர் மெதுவாக மூடினால் இறக்கைகள் சேர்ந்து ஒரு தட்டாகத் தெரிகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் எடுத்தால் ஓடுகிற ஃபேன் நிற்கிறது, இறக்கையில் இருக்கும் தூசி வரை தெரிகிறது. அன்று ரிப்பேருக்குக் கொடுத்தவர் வந்து, 'என்ன தம்பி, ஃபேனுக்குக் கல்யாணமா, இத்தனை போட்டோ?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேமரா வந்த மூன்றாம் நாள் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். பட்டாணி சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தப் படம். அதில் அவள் வலது கண்மணி சிவப்பாக வந்திருந்தது. இடது கண்மணி வெள்ளையாக இருந்தது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தகரத் துண்டு ஒன்றை வைத்தது போல ஒரு வெளுப்பு. ஸ்டூடியோக்காரரிடம் காட்டினேன். 'ஃபிளாஷ் கண்ணுக்குள்ள பட்டுத் திரும்புனா செவப்பா வரும் தம்பி, கொஞ்சம் சாய்வா பட்டா இப்படி வெள்ளையாவும் வரும். பயப்படாதீங்க, எனக்கே எத்தனையோ தடவை வந்திருக்கு' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சாய்ந்து பட்டால் நல்ல கண்ணிலும் சில சமயம் அப்படி வருமாம்.

இப்போது நான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் கட்டில் பக்கத்துச் சுவரில் நீ ஒட்டி வைத்திருப்பது அந்தப் படம்தான். அதை அப்படியே உனக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அழகாக வரவில்லையே என்றுதான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் வைத்து, வலது கண்ணின் சிவப்பை எடுத்துவிட்டு, அதையே இடம் வலம் மாற்றி இடது கண்ணின் மேல் ஒட்டிக் கொடுத்தார். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. இந்தப் படத்தில்தான் அவள் கண் பேசுகிறது என்று நீ எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அது அவளுடைய இடது கண் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஃபிளாஷையே தொடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கிறவன்தான் கைதேர்ந்தவன் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டையைப் பெரிதாகத் திற, வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ. என்கிற எண்ணைக் கூட்டு, படம் வெளிச்சமாகும், ரொம்பக் கூட்டினால் படம் மணல் மணலாகும், ஃபோகஸ் எப்போதும் கண்ணில் இருக்கட்டும். இதெல்லாம் கற்றேன். ஒன்பது வாரம் அவள் கண்ணிலேயே ஃபோகஸ் வைத்து எடுத்திருக்கிறேன். ஒன்பது வாரமும் அந்த வெளுப்பு என் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டது நான் கற்ற வித்தைதான்.

போன செவ்வாய் சாயங்காலம் மேஜைக்கு அடியில் போர்வையைக் கட்டி வீடு கட்டியிருந்தாள். என்னை உள்ளே வரக்கூடாது என்றாள், மேனேஜர் மகள் அல்லவா. உள்ளே ஒரே இருட்டு. அந்த முகத்தை விடக்கூடாது என்று ஃபிளாஷ் போட்டேன். திரும்பவும் இடது கண் வெள்ளை. முன்பை விடப் பெரிதாக.

என் தொழில் உனக்குத் தெரியும். ஒரு ஃபேன் ஓடவில்லை என்றால் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பேன். ஸ்விட்சை மாற்றிப் பார்ப்பேன். வேறு ஃபேனை அதே கொக்கியில் மாட்டிப் பார்ப்பேன். எதை மாற்றினாலும் கோளாறு கூடவே வந்தால், மாற்றாமல் விட்டதில்தான் கோளாறு. அந்தக் கணக்கைத்தான் இங்கேயும் போட்டேன். கேமராவின் மேல் பழி விழ வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. லென்ஸைத் துடைத்தேன். ஸ்டூடியோக்காரரின் கேமராவை வாங்கி வந்தேன். விளக்கை மாற்றினேன், சுவரை மாற்றினேன். மாடி வீட்டு அக்காவின் மகளை அதே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன், அவளுக்கு இரண்டு கண்ணும் ஒன்று போலச் சிவப்பு. என்னை நானே எடுத்துக்கொண்டேன். பிறகு பட்டாணியை உட்கார வைத்து, நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று பார்க்கச் சொல்லி எடுத்தேன். பிஸ்கட் காட்டிக் காட்டித்தான். சாய்வுதான் காரணம் என்றால் ஏதோ ஒன்றில் வந்து மற்றதில் போக வேண்டும். ஒன்பது படத்தில் ஏழில் இருக்கிறது. இரண்டு கேமராவிலும் இருக்கிறது.

ரிப்பேர் வேலையில் இந்த இடத்துக்கு வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கோளாறு பிடிபட்டது என்று டீ சொல்லுவேன். அன்றைக்குக் கேமராவை மூடி வைத்துவிட்டு, மீதிப் பிஸ்கட்டையெல்லாம் பட்டாணிக்கே கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம். அவள் வண்ணக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது விளையாட்டுப் போல அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். அவள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு வலது கண்ணை மூடினேன். என் கையைப் பிடித்துத் தள்ளினாள். திரும்ப மூடினேன். 'அப்பா, லைட்டு போடு' என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அறையில் லைட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாடி வீட்டு அக்கா, 'போட்டோ பிடிச்சு பிடிச்சு உனக்குத்தான் கண்ணு கெட்டுப் போச்சு' என்கிறார். அவர் சொல்வதே உண்மையாக இருக்கட்டும். குழந்தைகளுக்கு இப்படி வெள்ளையாகத் தெரிய வேறு காரணங்களும் இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். நானும் என்னிடம் பயந்து வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்வேன், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று.

புதன்கிழமை போய்விட்டு வந்து எழுதுகிறேன். நீ சாப்பிடாமல் இருக்காதே.

உன்,
பட்டாணியின் அப்பா


புதன்கிழமை, மாலை

என் அன்பானவளுக்கு,

திங்கட்கிழமை எழுதியதை நான் தபாலில் போடவில்லை. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறேன். நாளைக் காலை போட்டால் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அறையில் நீ தனியாக இருக்கும்போது படி, அல்லது உனக்குப் பிடித்த அந்த அடுத்த கட்டில் தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

டாக்டர் ஒரு அம்மா. நம் வயதுதான் இருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பட்டாணி எதிரில் இருந்தவர்களிடமெல்லாம் பேர் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே கொண்டு போய், இரண்டு நர்ஸ் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே அழுதாள். அவளைப் பிடித்து வைத்திருப்பது நான்தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஸ்கேனும் எடுத்தார்கள்.

இடது கண்ணுக்குள் கட்டி இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு வருகிற கட்டி. ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத்தான் வெள்ளையாகத் திரும்பியிருக்கிறது. வலது கண் சுத்தமாக இருக்கிறது. டாக்டரம்மா இதை இரண்டு தடவை சொன்னார், நானும் உனக்கு இரண்டு தடவை சொல்கிறேன். வலது கண் சுத்தமாக இருக்கிறது. ஸ்கேனில் பார்த்தவரை கட்டி கண்ணைத் தாண்டி வெளியே போகவில்லை. போகாமல் இருக்க வேண்டுமென்றால் கண்ணை எடுத்துவிட வேண்டும். வருகிற புதன்கிழமை ஆபரேஷன். புண் ஆறியதும் பார்ப்பதற்கு நிஜம் போலவே ஒரு கண் வைப்பார்களாம். முதலில் உயிர், பிறகுதான் மற்றதெல்லாம் என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். படங்களைக் காட்டினேன். சீப்புப் படத்தின் ஒட்டு வேலை செய்யாத பிரதியையும் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேதி கேட்டார். சொன்னேன். அப்போதே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். 'அதை இப்ப என்னால சொல்ல முடியாதுங்க. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்' என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லவாவது ஏதாவது கிடைத்திருக்கும்.

சம்மதக் கையெழுத்துக்குப் பெற்றவர்களில் ஒருவர் போதும் என்றார்கள். உன்னைக் கேட்காமல் போட்டுவிட்டேன். வீட்டுக்கு ஒரு குழாய் மாற்றக்கூட உன்னைக் கேட்டுத்தான் செய்திருக்கிறேன், இதைக் கேட்கவில்லை. அந்த ஒன்பது வாரத்துக்குப் பிறகு இன்னும் ஒரு வாரம் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. இதற்காகவும் அதற்காகவும் நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து சொல்.

டாக்டரம்மாவின் சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னாலேயே சூப்பர்வைசரிடம் கொடுத்து லீவு கேள். ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கிறது என்பார்கள், பரவாயில்லை, வா. ஞாயிறு போனில் பேசும்போது நான் பேச முடியாமல் நின்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு. தனியாக அந்த ஆபரேஷன் கதவுக்கு வெளியே உட்கார என்னால் ஆகாது.

பட்டாணி இன்று வீட்டுக்கு வந்ததும் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அம்மா வரப் போகிறாள் என்று சொன்னேன். எந்த அம்மா என்று கேட்டாள். ஒரு வருஷமாக உன் குரலைத்தான் கேட்கிறாள், முகம் அவளுக்குப் பாதி மறந்திருக்கும். அதனால் வரும்போது ஓடி வந்து தூக்கிவிடாதே. அவளுடைய வலது பக்கமாக வா. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவள் உன்னை நன்றாகப் பார்த்து முடிக்கும் வரை பொறுத்துக்கொள்.

உன் பயணம் தடையில்லாமல் அமையட்டும்.

உன்னையே நம்பியிருக்கும்,
பட்டாணியின் அப்பா