எனக்கென்று எழுதாத கார்டு

நேற்று நைரோபியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் புது மை வாசனை. நம் பழைய மாணவன் ஜோசப் புத்தகம் போட்டிருக்கிறான். நன்றி சொன்ன பக்கத்தில் உன் பெயர். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் எரிகிறதே, நான் என்ன செய்ய?

எண்பதுகளில் நாம் இருவரும் விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி, திண்டிவனம் கல்லூரி நூலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தோம். கென்யா, சூடான் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்த சமயம். நூலகத்தில் புத்தகம் தேடச் சொல்லித்தரும் வகுப்பை முதல்வர் என்னிடம்தான் கொடுத்தார். உன்னிடம் இல்லை. கரும்பலகை நிறைய விதிகளை எழுதிப்போட்டேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஒருநாள் ஜோசப் ஒரு தமிழ் எழுத்தாளரின் கார்டைத் தேடி, பெயர் வரிசையில் கார்டுகள் அடுக்கிய கேட்லாக் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தான். இனிஷியல் என்பது அப்பா பெயர் என்று யாரோ சொல்ல, அதையே குடும்பப் பெயராக நினைத்து, அப்பாவின் எழுத்துள்ள டிராயரில் மகனைத் தேடியிருக்கிறான். நான் விதியை ஆரம்பிப்பதற்குள் நீ குறுக்கே வந்தாய். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடை.

"உன் பேர ஒரு கார்டுல எழுதுப்பா. நாளைக்கு நீயும் புக்கு போடுவ இல்ல? எந்த டிராயர்ல போய் உக்காருவ, நீயே பாரு!"

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கார்டு எழுதி, தங்களுக்கான இடத்தைத் தேடிச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து என்னிடமே வந்து, "மேடம் எங்கே?" என்று உன்னைக் கேட்டார்கள். அப்போது நான் யாராம்?

அப்படிக் கேட்ட அன்று, திரும்பும் ரயிலில் மயிலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். நீ மல்லாட்டையை உரித்துக் கடலையை நீட்டினாய்.

"மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு வர்றியே, இன்னா? நீயும் ஒரு கார்டு எழுதேன்டி."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு!" என்றேன். மல்லாட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நூலகக்காரி புத்தி விடுமா? நேற்று நேராகக் கடைசிப் பக்கங்களின் பெயர் வரிசைக்குப் போனேன். உன் பெயரில் நீ இல்லை. உன் அப்பா பெயரில் கொண்டுபோய் வைத்திருக்கிறான் பாவி! உன் மாணவன் லட்சணத்தைப் பார்த்தாயா? சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு என்னைத் தேடினேன். என் பெயரில் நான் இல்லை. எங்கள் அப்பா பெயரிலும் இல்லை.

அலமாரியில் பழைய வெற்றுக் கார்டு ஒன்று கிடந்தது. எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பேனாவும் பக்கத்தில்தான் இருக்கிறது. கை போகவில்லை.

அன்றைக்கு ரயிலில் ஒரு தடவைதானே சொன்னாய். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்டி.