பன்னிரண்டாம் தேதிக்கு மேல் கணிப்பொறி நடவை ஏற்க மறுப்பது குறித்து

அனுப்புநர்
ச. ஸ்தனிஸ்லாஸ், வயது 68,
கணித ஆசிரியர் (ஓய்வு),
சவேரியார் கோயில் தெரு,
அதியமான்கோட்டை, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: செங்கரடு கூட்டுறவு சர்க்கரை ஆலை – நடவுப் பதிவு – என் தங்கை ராயம்மாளின் கரும்புக்கு எட்டு வயது எனக் கணிப்பொறி கூறுவது – வெட்டு உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: டாஸ் கையேடு, பக்கம் 31 (நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன். கணிப்பொறி வல்லுநன் அல்லன். கீழ்க்கண்டவற்றை மூன்று மாதம் சரிபார்த்த பிறகே எழுதுகிறேன். அப்படியும் பிழை இருக்கலாம்.

2. மேற்படி ஆலை 1982-ல் தொடங்கப்பட்டது. 1984-ல் அங்கு முதல் கணிப்பொறி வந்தது. அதன் செயலி இசட்-80 என்பது. அதை இயக்கிய மென்பொருள் அமைப்பு சி.பி.எம். ஆங்கிலக் கையேட்டைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் என்னை அழைத்தார்கள். அந்தப் பொறி யாரிடமும் தேதி கேட்டதில்லை. ஒவ்வொரு நடவுக்கும் எழுத்தரே தேதியை அடித்தார். புகார் எழவில்லை.

3. 1986 ஆகஸ்டில் இரண்டாவது பொறி வந்தது. செயலி 8088, அமைப்பு டாஸ். (8088 உள்ளே பதினாறு பிட்டாகவும் வெளியே எட்டு பிட்டாகவும் வேலை செய்யும். இது இம்மனுவுக்குத் தேவையில்லை. எழுதிவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகும்.) இந்தப் பொறிக்குள் கடிகாரம் கிடையாது. தினமும் காலையில், தான் விழித்திருப்பது 1980 ஜனவரி 1 என்றே நினைத்துக்கொண்டு நம்மிடம் தேதி கேட்கும். நாம் சொல்லும் தேதியையே அன்றைய பதிவுகள் அனைத்திற்கும் இடும்.

4. இது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிலும் நாளைப் பிறகும் எதிர்பார்க்கிறது. நம்மவர்கள் நாளை முதலில் அடிக்கிறார்கள். மாதங்கள் பன்னிரண்டே ஆதலால், பதின்மூன்றாம் தேதி முதல் பொறி மறுக்கிறது. பொறியை இயக்கும் திரு. குப்புராஜ், தேதி எதுவும் அடிக்காமல் வெறுமனே 'என்டர்' பொத்தானை அழுத்தி மேலே செல்கிறார். பொறியும் 1980 ஜனவரி 1-லேயே நின்றுவிடுகிறது. இவ்வாறு 412 விவசாயிகள், ஆலை பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரே நாளில் கரும்பு நட்டவர்களாகப் பதிவாகியுள்ளனர்.

5. முதல் பன்னிரண்டு நாட்களிலும் பொறி மறுப்பதில்லையே தவிர, தேதியைப் புரட்டிக்கொள்கிறது. ஆண்டில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே, அதாவது நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமையும் நாட்களில் மட்டுமே, ஆலையின் பதிவு சரியானது.

6. பதின்மூன்று முதல் பொறி மறுப்பதை மட்டும் கண்ட அலுவலகம், "பதிவு ஒன்றாம் தேதி முதல் பன்னிரண்டு வரை மட்டுமே" என்று பலகை வைத்துவிட்டது. இப்போது எங்கள் பக்கத்தில் பன்னிரண்டுக்கு மேல் நடவு நடுவதே ஆகாது என்கிறார்கள். கரும்பு அலுவலர் என்னிடம் கூறியதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "வாத்யாரே, இது பதினாறு பிட்டு, பன்னண்டு வரைக்கும்தான் எடுக்குது. 80286னு புதுச் செயலி வந்திருக்குதுங்களாம். அது முப்பத்தொண்ணு வரைக்கும் எடுக்கும். மெட்ராஸுக்கு எழுதியிருக்கோம்ங்க."

7. என் தங்கை ராயம்மாள் கணவரை இழந்தவள். இரண்டு ஏக்கரில் 1987 மார்ச் 13 அன்று நட்டு, அன்றே பதிந்து, எழுத்தர் மையால் எழுதிய ரசீதும் பெற்றாள். கரும்பு பதினோரு மாதமாகிப் பூவெடுத்துவிட்டது. இனி ஒவ்வொரு வாரமும் எடை குறையும். ஆலையோ மார்ச் இறுதியில் அரவையை நிறுத்திவிடும்; வெட்டு உத்தரவு இல்லாத கரும்பை வாங்காது. வெட்டு உத்தரவு கேட்கப் போனவளிடம், "உங்க கரும்புக்கு எட்டு வயசாச்சும்மா, எப்பவோ வெட்டியாச்சுன்னு வருது" என்றார்களாம். "எம் பேரனுக்கே ஏழு வயசுதானுங்க" என்றிருக்கிறாள். அவள் பேரனின் வயது பதிவேட்டில் இல்லை என்பதால் அது ஏற்கப்படவில்லை.

8. இம்மாதம் பன்னிரண்டுக்குள் மறுபதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இன்று செய்தால் பொறி அதை ஆகஸ்டு 2 என்று கொள்ளும். கடைசி நாளில் செய்தால் டிசம்பர் 2. ஆக, அவளுடைய கரும்பு எட்டு வயதுக் கிழமாகவோ, இன்னும் பிறக்காததாகவோ மட்டுமே இருக்க முடியும்.

9. சென்ற நவம்பர் 13 அன்று நேரில் சென்று, மாதத்தை முதலில் அடித்துப் பார்க்குமாறு வேண்டினேன். குப்புராஜ் என் பழைய மாணவர். "பதினொண்ணாந்தேதி, பதிமூணாம் மாசமா? பதிமூணு மாசம் இருக்குதுங்களாய்யா?" என்று பணிவாகக் கேட்டார். பிறகு பொறிக்கு மேலே சுவரைக் காட்டினார். நான் வீடு திரும்பினேன்.

10. சுவரில் இருந்ததை இனியும் மறைப்பது முறையன்று. இரண்டாவது பொறி வந்தபோதும் கையேடு படிக்க என்னையே அழைத்தார்கள். டாஸ் கையேட்டின் 31-ஆம் பக்கத்தில் எடுத்துக்காட்டாக 11-14-84 என்று அச்சாகியிருந்தது. பதினான்காம் மாதம் என ஒன்று இல்லையாதலால் அதை அச்சுப்பிழை என்று கருதி, 14-11-84 எனத் திருத்தி, தமிழில் குறிப்பெழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தவன் நானே. சரிபார்க்காமல் திருத்தாதே என்று எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்திருக்கிறேன்.

11. அத்தாள் இன்றும் அங்கேயே ஒட்டப்பட்டுள்ளது. இரண்டு முறை கிழிக்கப் போனேன். "வாத்யார் கையெழுத்துங்க, கிழிக்கப்படாது" என்று குப்புராஜ் என்னையே தடுத்துவிட்டார். இரண்டு ஆயுத பூசைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து, ராயம்மாளின் மையெழுத்து ரசீதில் உள்ள தேதியைக் கொண்டு அவளுக்கு உடனே வெட்டு உத்தரவு வழங்கவும், ஏனைய 411 பேரின் ரசீதுகளையும் அவ்வாறே ஒப்பிடவும் ஆணையிட வேண்டுகிறேன். ஒப்பிடும் வேலையை நானே அமர்ந்து செய்கிறேன். 80286 வரட்டும், அதற்கும் நாம் மாதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை மெட்ராஸுக்குத் தெரிவிக்கலாம். குப்புராஜ் மீது நடவடிக்கை வேண்டாம்; அவர் ஆசிரியர் சொன்னதைச் செய்தார். எதிர்மனுதாரர் என ஒருவர் தேவைப்பட்டால் என் பெயரையே எழுதிக்கொள்ளலாம்.

முக்கியமாக, அந்தத் தாளைக் கிழிக்கத் தங்கள் கையொப்பத்துடன் ஓர் உத்தரவு வேண்டும். என் கையொப்பத்தைவிடப் பெரிய கையொப்பம் இல்லாமல் அது சுவரை விட்டு இறங்காது.

இடம்: அதியமான்கோட்டை
நாள்: 1988 பிப்ரவரி எட்டு (மாதத்தை எழுத்தில் எழுதியுள்ளேன்)

தங்கள் பணிவுள்ள,
ச. ஸ்தனிஸ்லாஸ்

இணைப்பு: கையேட்டின் பக்கம் 31, ராயம்மாளின் ரசீது, அவள் பேரனின் ஞானஸ்நானச் சான்று.