புயல் நாளில் எடுத்த அளவு

11 மே 2024, சனி

எங்கள் சர்வே ஆபீசிலிருந்து நானும் உதவியாள் திருமலையும் பிள்ளைப்பாக்கத்தில் எல்லை அளக்கப் போனோம். ஒரு உதிரிபாகக் கம்பெனி மதில் கட்டப்போகிறது. ஒட்டிய நிலம் ராஜாமணியம்மாளுடையது. இரண்டு முனையிலும் எல்லைக்கல் இருக்கிறது. நடுவில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடப்பதால் கயிறு கட்ட வழியில்லை, ஜிபிஎஸ் கருவிதான் கதி. அதுவோ இன்று நிலைகொள்ளவே இல்லை. காலையில் வைத்த அதே கல்லில் மதியம் வைத்தால், கல் ஓர் ஆள் நீளம் தள்ளியிருப்பதாகக் காட்டுகிறது. கடைசி அளவுப்படி அந்தம்மாவின் கிணறு கம்பெனிப் பக்கம்.

“இன்னாம்மா இது, காலைல என் கிணறு என் நெலத்துலதான கீது?” என்றார்.

12 மே

லடாக்கில் நேற்று முன்தினம் இரவு வானம் சிவந்ததாம். சூரியனில் அடுத்தடுத்து வெடிப்பு; அதன் புயல் பூமியைத் தாக்கியிருக்கிறது. படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். செயற்கைக்கோளின் சிக்னல், மேலே மின்னூட்டம் ஏறிய காற்றடுக்கைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது. அந்த அடுக்கு கலங்கினால் சிக்னல் வரும் நேரம் பிசகும். நேரம் பிசகினால் இடம் பிசகும்.

நேற்றைய அளவு செல்லாது.

13 மே

முதலாளி பாண்டுரங்கன் சாரிடம் சொன்னேன். சிரித்தார்.

“லடாக்ல வானம் செவந்தா பிள்ளைப்பாக்கத்துல கல்லு நவுருமா?”

“கல் நகராது சார். அளவு நகரும். இன்னொரு நாள் அளந்துருவோம்.”

“புதன்கிழமை ஜேசிபி வருது. அளவு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா செல்வலட்சுமி. தெக்கேருந்து பொழைக்க வந்த பொண்ணு, பொழைக்கிற வழியப் பாரு.”

பொழைக்கத்தான் வந்தேன். அதுக்காக அடுத்தவங்க கிணத்தை எழுதிக் குடுக்கணுமா?

14 மே

போடவில்லை. சாரே போட்டுக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

15 மே

வர வேண்டாம் என்றது ஆபீசுக்குத்தானே. சுங்குவார்சத்திரத்தில் நைலான் கயிறு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு நேரே நிலத்துக்குப் போனேன்.

ஜேசிபி ஓட்டுபவர் மாரிராஜ், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு. பள்ளம் தோண்டுமுன் நடுவிலுள்ள முள்ளை மட்டும் தள்ளித் தரக் கேட்டேன். “அதுக்கென்னக்கா, எப்படியும் தள்ளத்தான போறேன்” என்று தள்ளிவிட்டு வண்டியை அமர்த்தினார். ஒரு முனைக்கல்லில் ராஜாமணியம்மாள், மறுமுனையில் நான். கயிறு விறைத்து நின்றது. கிணறு முழுசாக அந்தம்மா பக்கம்.

பாண்டுரங்கன் சார் பைக்கில் வந்து இறங்கினார். “வேலைய விட்டு அனுப்பின பொண்ணு, உனக்கு இங்க இன்னா வேலை?”

“கயித்துக்குச் சூரியனும் தெரியாது, நீங்களும் தெரியாது சார். வந்து பாருங்க.”

அவர் வரவில்லை. கம்பெனி இன்ஜினியர் வந்தார். குனிந்து கயிற்றின் வாக்கில் பார்த்தார். “மறுபடி அளக்காம மண்ணைத் தொடாதீங்க” என்று மாரிராஜிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கயிற்றைச் சுருட்டி ராஜாமணியம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

21 மே

மறுபடி அளந்தார்களாம். கயிறு சொன்ன கோட்டையே கருவியும் சொன்னதாகத் திருமலை போனில் சொன்னான். என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போக மாட்டேன்.

2 ஜூன்

ஒரகடத்தில் இரண்டு இடத்தில் வேலை கேட்டாயிற்று. “பழைய எடத்துல ஏன் நின்னீங்க?” ஒளிக்காமல் சொல்கிறேன். அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். சொல்வதை மாற்றப்போவதில்லை.

19 ஜூன்

மூன்றாவது இடத்தில் முழுதும் கேட்டார்கள். திங்களன்று சேர வேண்டும்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுதபூஜை. புது ஆபீசில் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தோம். நேற்றிரவு முதல் சூரியப் புயல் மறுபடியும். லடாக்கில் மறுபடி சிவப்பு.

சாயங்காலம் திருமலை போன் செய்தான். “அக்கா, நாளைக்கு ஒரு எடம் அளக்கணும். சூரியன் இன்னிக்கு எப்டி கீதுன்னு உங்களாண்ட கேக்கச் சொன்னாரு.”

“யாரு சொன்னது?”

“சார்தான்க்கா.”

“ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு” என்றேன்.