முதல் வாய் சோறு

அக்கா,

ஏழு காலித் தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டி, ஞாயிறு, திங்கள் என்று பேனாவால் எழுதி, உங்கள் மகனின் மாத்திரைக்காக நீங்கள் செய்த பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. புதன்கிழமை கொஞ்சம் பிய்ந்துவிட்டது. பசை வாங்க வேண்டும். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

மனநோய் உள்ளவர்களின் வீட்டார் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் அந்த அரியலூர் அறையில்தான் நாம் பழகினோம். நான் என் மனைவிக்காக வந்தேன். நீங்கள் மகனுக்காகத் திருமானூரிலிருந்து பஸ்ஸில் வந்தீர்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. "நீங்க நேத்து தூங்குனீங்களா தம்பி?" என்றீர்கள். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலப்பது நம்மில் பாதிப் பேர் செய்த திருட்டுத்தனம். ஒருநாள் உங்கள் மகனுக்குச் சந்தேகம் வந்து, தட்டை உங்கள் பக்கம் தள்ளி, "நீ மொதல்ல தின்னு" என்றிருக்கிறான். அன்று கூட்டம் முடியும் நேரத்துக்குத்தான் வந்தீர்கள்.

"மாட்டேன்னா கண்டுபுடிச்சிருவான்ல. தட்ட வழிச்சுத் தின்னுட்டேன். பஸ்ல கண்ணு சொக்கிருச்சு. கண்டக்டர் எழுப்புறாரு, பாத்தா அரியலூரத் தாண்டி பெரம்பலூரு."

அறையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

"இனிமே கலக்க மாட்டேன். எனக்குப் பெறகு இவன் யாரு கையால சோறு வாங்கித் திம்பான்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் தீப்பெட்டிகளை ஒட்டினீர்கள். அதன் பிறகு மாத்திரையை அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான், உங்களைத் திட்டிக்கொண்டே.

மாரடைப்பு என்று போனில் சொன்னார்கள். சரி என்று வைத்துவிட்டு அடுப்பில் இருந்த பாலை இறக்கினேன். காரியம் முடிந்து ஒரு வாரத்தில் உங்கள் தங்கை கூப்பிட்டார். அவர் போடும் சோற்றை அவன் தொடுவதில்லை, பிஸ்கட் பாக்கெட்டைத் தானே பிரித்துத் தின்கிறான் என்றார். போய் அவனை மாத்திரைப் பெட்டியோடு என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். பெரிய மனது என்று யாரும் சொல்ல வேண்டாம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் சில நாள் என் மனைவி பொரித்த அப்பளத்தை மட்டும் தின்றான். அவள் மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை. என் மேல்தான்; நான் சமைத்ததைத் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் ரசம் சோறு பிசைந்து வைத்தேன். தட்டை என் பக்கம் தள்ளினான்.

"நீங்க மொதல்ல தின்னுங்க மாமா."

ஒரு வாய் அள்ளித் தின்றேன். உப்புக் குறைவு. நான் தூங்கிவிழுகிறேனா என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். சோறு ஆறிப்போன பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் அவன் தட்டில் முதல் வாய் என்னுடையது. ஒன்றும் கலக்கவில்லை, அக்கா.